தண்ணித்தலை சொன்ன நன்றி

இப்படி நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் இருக்கிறவர்களும் முன்னே வரலாம், காலை நீட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கோபக்காரியின் கதையைச் சொல்கிறேன். பேய் பிசாசு ஒன்றும் வராது, பயப்படாதீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் படித்த மனிதர்கள்தான்.

அவளை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் வைத்த பெயர். ஒல்லி, அடித்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பெரிய காந்த இயந்திரத்தை இயக்குகிறவள். அந்த அறைக்குள் சாவி, சில்லறை, பெல்ட் கொக்கி, தலைக் கிளிப் எதுவும் போகக் கூடாது, காந்தம் பிடுங்கிக்கொள்ளும். "உலகத்துலயே ஆணியை வேலைக்கு வச்சுக்கிட்ட காந்த ரூம் உங்களுது ஒண்ணுதாண்டி" என்று அண்ணன் சிரிப்பான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நின்றுபோன லிஃப்டின் தலையில் ஏறி உட்கார்ந்து மோட்டாரைத் திட்டுவான், கம்பி வடத்தைத் திட்டுவான், அதைச் செய்தவனின் ஏழு தலைமுறையைத் திட்டுவான். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தத் திட்டுதான் தெம்பு. ஆள் வந்தாச்சு என்று தெரிந்துவிடும். 'நன்றி' என்ற சொல்லை மட்டும் அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சாப்பாடு பிடித்திருந்தால் "இன்னும் இருக்கா?" என்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த நன்றி.

அந்த வாய் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது அடைத்துப்போனது. மூளையின் இடப்பக்கம் ஒரு குழாயில் ரத்தம் கட்டி, வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆணியின் மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். பேச்சில் 'தா' மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் தா, எரிச்சலுக்கும் தா. கேட்டதெல்லாம் அவனுக்குப் புரிந்தது என்று ஆணிக்குத் தோன்றியது. ஆனால் முதல் வாரத்தில் சோதித்த டாக்டர், 'ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரி தலையாட்டுகிறார், பதிலை நம்ப முடியாது' என்று கோப்பில் எழுதிவிட்டார். எழுதியது எழுதியதுதான். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் எதையும் கேட்கவில்லை.

மேல்மாடியில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. மூளையில் எந்தச் சொல்லுக்கு எந்த இடம் என்று வரைபடம் போடுகிற கூடம். ஆளைக் காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்துக் காதில் கதை ஓடவிடுவார்கள். கதையில் வீடு வந்தால் மூளையில் ஓர் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகும், ஆள் வந்தால் இன்னோர் இடத்துக்கு, எண்ணிக்கை வந்தால் வேறோர் இடத்துக்கு. அதையெல்லாம் கணினி பழகிக்கொள்ளும். கடைசியில் மடிப்பு மடிப்பான மூளையை, கசங்கிய துணியை இஸ்திரி போட்டு விரித்தது போலத் திரையில் விரித்து, அர்த்தத்துக்கு அர்த்தம் வண்ணம் தீட்டிக் காட்டும். அந்த வரைபடத்துக்காகத் தலை கொடுத்தவர்கள் நாலு பேர். அதில் ஒருத்தி நம் ஆணி. அண்ணன் விழுவதற்கு முன்னால், பல நாளாகப் பிரித்து, பதினாறு மணி நேரம் அசையாமல் படுத்துக் கதை கேட்டாள். தன் மூளையில் 'சண்டை' என்ற பொருளுக்கு ஒதுக்கிய இடத்தைத் திரையில் பார்த்துவிட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னபோது, "அவ்வளவு சின்னதா? மெஷினை ரிப்பேர் பார்க்கச் சொல்லு" என்றான்.

அந்த வரைபடம் பொய் இல்லை, கண்ணுகளா. அதை மறந்துவிடாதீர்கள். பொய் வேறு இடத்தில் நுழைந்தது.

ஆய்வுத் தலைவர் ஒருநாள் ஆணியைத் தேடி வந்தார். எதைச் சொன்னாலும் "முழு வாக்கியமாச் சொல்லுங்க" என்று திருத்துகிற பழக்கம் அவருக்கு. அதனால் ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை 'முழுவாக்கியம்' என்றே சொல்வார்கள்.

"உங்க அண்ணன் பேச முடியாம இருக்கார். எங்ககிட்ட வரைபடம் இருக்கு. அவர் மனசுல ஓடுறதை நாங்க படிச்சுச் சொன்னா எப்படி இருக்கும்?"

ஆணியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "செய்ங்க சார்" என்றாள். அண்ணியும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் இயந்திரத்தை இயக்கியது ஆணியேதான். அண்ணன் தலையைக் கூண்டுக்குள் பொருத்தினாள், காதை மூடினாள். முடியவில்லை என்றால் அமுக்கச் சொல்லி, எல்லாருக்கும் கொடுக்கிற ரப்பர் குமிழியை அவன் இடது கையில் வைத்தாள். அமுக்கினால் வெளியே மணி அடிக்கும். ஸ்கேன் தொடங்கி நாலாவது நிமிடத்தில் மணி அடித்தது. நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். "என்னண்ணா, மூச்சு முட்டுதா?" அவன் விழித்துப் பார்த்து "தா" என்றான். மறுபடி தொடங்கினார்கள், மறுபடி மணி. மூன்றாவது முறை முழுவாக்கியம் சலித்துக்கொண்டார்.

"ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குக் கை தானா இழுக்கும்மா. ஒவ்வொரு தடவையும் நிறுத்தினா பதிவு வீணாப்போகும். மணியை அணைச்சிடுங்க."

ஆணி அணைத்தாள். தன் விரலாலேயே அணைத்தாள். பிறகு, சொந்தக்காரர்கள் இருந்தால் ஆய்வு கெடும் என்று அவளை அந்த வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள்.

இரண்டு மாதம் போனது. ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணி ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஊழியர்கள் சாப்பிடும் அறைக்கு ஓடி வந்தாள்.

"ஆணி, உங்க அண்ணன் பேசிட்டார்! படிச்சுப் பாரு!"

அச்சடித்த காகிதம். மேலே ஆய்வுக்கூடத்தின் முத்திரை. கீழே நாலு வரி.

'நான் நிம்மதியாக இருக்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் அனைவருக்கும் நன்றி. நான் இங்கேயே இருக்க விரும்புகிறேன்.'

ஆணி இரண்டு தரம் படித்தாள். வாயில் இருந்த சோறு இறங்கவில்லை.

"இது யார் எழுதினது?"

"எழுதலடி, அவர் மனசுல இருந்து எடுத்தது. இதை வச்சுத்தான் அவரை ரெண்டு வருஷம் ஆய்வு இல்லத்துலயே வச்சுப் பார்த்துக்கப்போறாங்களாம். வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் நாம போய்ப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை குழு கூடி முடிவு பண்ணுது. அவரே சம்மதிச்சிட்டதா கோப்புல வச்சுட்டாங்க."

"ரெண்டு வருஷமா? வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களா?"

"அவரே இருக்கேன்னு சொல்றாரே!"

"அண்ணி, அவன் உங்களுக்கு இருபத்தேழு வருஷத்துல ஒரு தடவை நன்றி சொல்லியிருக்கானா?"

அண்ணியின் முகம் சுருங்கியது. "இப்போ சொல்லியிருக்கார். அது உனக்குப் பொறுக்கலையா? தினமும் அவரைப் புரட்டிப் போட்டு, துடைச்சு, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. அவர் மனசுல என்ன ஓடுதுன்னு தெரியாம ராவும் பகலும் செத்துக்கிட்டிருந்தேன். இந்த ஒரு காகிதம்தான் எனக்குச் சோறு இறங்க வைக்குது. அதையும் பிடுங்கப் பார்க்குறியே."

"இதை அவன்கிட்ட படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன். தா தான்னு ஒரே சத்தம். சந்தோஷத்துல உணர்ச்சிவசப்பட்டுட்டார்னு சார் சொன்னார்."

ஆணி டிபன் பாக்ஸை மூடினாள். மூடியை அறைந்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கோபத்தில் இரண்டு வகை உண்டு, கண்ணுகளா. ஒன்று பால் பொங்குவது மாதிரி, பொங்கி அடங்கிவிடும். இன்னொன்று அடுப்புக் கல் சூடேறுவது மாதிரி. மேலே ஒன்றும் தெரியாது. கை வைத்தால்தான் தெரியும். ஆணிக்கு வந்தது இரண்டாவது.

நேராக மேல்மாடிக்குப் போனாள். அங்கே அந்தக் கணக்கையெல்லாம் எழுதுகிற கணினிக்காரி இருந்தாள். சாது, நல்ல மூளைக்காரி, அதட்டினால் நடுங்குவாள்.

"உண்மையைச் சொல்லு. எங்க அண்ணன் தலையில இருந்து என்ன வந்துச்சு?"

"அக்கா... சொல்லு சொல்லா வராது. ஒரு சாயல் வரும். ஆள், இடம், கோபம், அப்படி. அண்ணன் கதை கேட்டு முடிக்கலை, பாதிப் பதிவு அசைவுல கெட்டுப்போச்சு. அதனால உங்க நாலு பேர் வரைபடத்தை அவர் மூளை மேல பொருத்தி..."

"என் தலையை அவன் தலையில கவுத்தீங்க. அப்புறம்?"

"அப்பவும் துண்டு துண்டாத்தான் வந்துச்சு. சார் முழு வாக்கியமா வேணும்னார். அடுத்த சொல்லை ஊகிச்சு எழுதுற மென்பொருள் ஒண்ணு இருக்கில்ல, அதோட பங்கைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். வாக்கியம் அழகா வந்துச்சு."

"அதுல எங்க அண்ணன் எவ்வளவு, ஊகம் எவ்வளவு?"

கணினிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பார்க்கலை அக்கா."

"நாங்க தினமும் காலைல ஆள் உள்ள போறதுக்கு முன்னாடி என்ன பண்றோம்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது அவளுக்கு. மேல்மாடிக்காரர்கள் ஒன்பது மணிக்கு முன்னால் வருவதில்லை. இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டையை உள்ளே வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். தலையளவு இருக்கும், உள்ளே உப்புத் தண்ணீர். ஸ்கேன் பிரிவில் அதற்குப் பெயர் தண்ணித்தலை. யாரோ மார்க்கர் பேனாவால் அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்திருந்தார்கள். "இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்று அதைக் குசலம் விசாரித்துவிட்டுத்தான் ஆணி வேலை தொடங்குவாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கீழ வா. அண்ணனுக்கு எத்தனை நிமிஷம் ஓட்டுனீங்களோ, அத்தனை நிமிஷம் தண்ணித்தலையை எடுத்துத் தர்றேன். அதை உன் கணக்குல போடு."

"அதுல மூளையே இல்லையே அக்கா! மடிப்பு இல்லை, எதோட பொருத்துறது?"

"அண்ணன் படத்துல எந்தெந்த இடத்தை எடுத்தியோ, தண்ணிலயும் அதே அதே இடத்தை எடு. உன் மென்பொருள் நல்லதா இருந்தா சும்மா இருக்கும். இல்லைனா அதுவே சொல்லும்."

வியாழக்கிழமை காலை அப்படியே செய்தார்கள். மத்தியானத்துக்குள் கணக்கு முடிந்தது. கணினிக்காரி காகிதத்தை நீட்டினாள். ஆணி படித்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே மூச்சில் அழுதாள். அழுகை நின்றபோது கேட்டாள்.

"மணியை அணைச்சாலும், குமிழியை அமுக்கினது இயந்திரத்துல பதிவாகும். அண்ணனோட பதிவைத் திற."

ஆறு ஸ்கேன். நூற்றுப் பதினேழு அமுக்கல். ஒவ்வொரு பதிவிலும், கதை தொடங்கி மூன்று நான்கு நிமிடத்தில் ஆரம்பித்துக் கடைசிவரை.

தானாக இழுக்கிற கையாம். இழுப்பு வந்தது வலது கையில். குமிழி இருந்தது இடது கையில், நல்ல கையில். அதை அந்தக் கையில் வைத்ததே அவள்தானே! எந்தக் கை என்று அவளுக்குத் தெரியாதா? முழுவாக்கியம் சொன்னார் என்று தலையாட்டினாளே! பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன் அந்த இடது கையால் அவள் மணிக்கட்டை விட்டு விட்டு அழுத்துவான். பாசம் என்று நினைத்துத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அதற்கு நேரம் இல்லை.

வெள்ளிக்கிழமை. குழு அறையில் நீள மேசை. குழுத் தலைவி நடுவில், வயதான டாக்டரம்மா. இரண்டு பக்கமும் இரண்டு பேர். முழுவாக்கியம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேசைக் கோடியில் சக்கர நாற்காலியில் அண்ணன், பக்கத்தில் அண்ணி. ஆணி குடும்பத்தாள் என்பதால் அவளையும் விட்டார்கள். கதவோரம் கணினிக்காரி.

முழுவாக்கியம் பேசினார். மனிதன் மனதைத் திறக்கும் சாவி என்றார். இந்த நோயாளி மனமுவந்து சம்மதித்திருக்கிறார் என்றார். அந்த நாலு வரியைக் குரலை இறக்கிப் படித்தார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அண்ணன் "தா! தா!" என்று உலுக்கிக்கொண்டான்.

"பாருங்க, எவ்வளவு உணர்ச்சி" என்றார் முழுவாக்கியம்.

ஆணி எழுந்தாள். "சார், நேத்து வந்த புதுப் பதிவு ஒண்ணு இருக்கு. இன்னும் நீங்க பார்க்கலை. படிங்களேன், எல்லாரும் கேட்கட்டும்."

அவர் கணினிக்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். காகிதத்தில் ஆய்வுக்கூட முத்திரை இருந்தது. வாங்கிப் படித்தார்.

"'நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் நன்றி. இங்கே இருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. மீண்டும் வருகிறேன்.'" அவர் முகம் மலர்ந்தது. "அற்புதம்! போன தடவையைவிடத் தெளிவு. 'மீண்டும் வருகிறேன்'னு சொல்றார், கவனிச்சீங்களா? எதிர்காலத்தைப் பத்தி யோசிக்கிறார். மனநிலை நல்லா முன்னேறியிருக்கு."

"முன்னேறியிருக்கா சார்?"

"சந்தேகமே இல்லை."

"நல்லா யோசிச்சு முழு வாக்கியமாச் சொல்லுங்க."

"இவருடைய மனநிலை முன்னேறியிருக்கிறது" என்றார் அவர், சற்றுக் கடுப்பாக.

ஆணி தன் பையைத் திறந்து தண்ணித்தலையை எடுத்து மேசை மேல் வைத்தாள். மார்க்கர் கண்ணும் மார்க்கர் மூக்குமாக அது குழுத் தலைவியைப் பார்த்தது. உள்ளே தண்ணீர் ஒரு தரம் அலைந்து நின்றது.

"இவர்தான் சார் சொன்னது. நேத்துக் காலைல ஏழு மணிக்கு. எங்க அண்ணன் அப்போ மூணாவது மாடி வார்டுல பால் குடிச்சுக்கிட்டிருந்தான்."

குழுத் தலைவி கேட்டாள், "இது என்ன?"

"உப்புத் தண்ணி, அம்மா. இதுக்கு அப்பா அம்மா கிடையாது, கவலை கிடையாது. ஆனா இந்தக் கூடத்துக்கு இதுவும் நன்றி சொல்லுது."

"யாரோ விளையாடியிருக்காங்க" என்றார் முழுவாக்கியம்.

"நான்தான் ஓட்டினேன்" என்றாள் கணினிக்காரி. மெல்லிய குரல்தான், ஆனால் உடையவில்லை. "அதே கணக்கு, அதே அளவு. ஒண்ணுமே மாத்தலை. வெறுமையைப் போட்டா என்ன வரும்னு நாங்க ஒரு தடவைகூடப் பார்க்கலை. தப்பு."

"கணினி மாதிரியை மேம்படுத்தணும், ஒத்துக்கறேன். அதுக்காக மொத்த..."

"மேம்படுத்துங்க!" ஆணியின் குரல் அறை முழுக்க ஓடியது. "பதினாறு மணி நேரம் என் தலையைக் கொடுத்தது அதுக்குத்தான். யாராவது பேச முடியாதவங்களுக்கு உதவும்னு கொடுத்தேன். நீங்க என் தலையை எடுத்து எங்க அண்ணன் வாயில துணியை அடைச்சிருக்கீங்க. அவன் ஆறு ஸ்கேன்ல நூத்திப் பதினேழு தடவை குமிழியை அமுக்கியிருக்கான். நிறுத்துங்கடான்னு கத்தியிருக்கான். பேசிக்கிட்டேதான் இருந்திருக்கான் சார்! மணியை அணைச்சு வச்சுட்டு, மனசைப் படிக்கிறேன்னு உட்கார்ந்திருக்கீங்க. அணைச்சது என் விரல். அதை நான் எனக்குள்ள பார்த்துக்கறேன். சொன்னது உங்க வாய்!"

சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு மணியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதோடு சேர்த்துக் கீழ்த்தளத்திலிருந்து கழற்றி வந்த ரப்பர் குமிழியை அண்ணனின் இடது கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அண்ணா. ஆமான்னா ஒரு தடவை. இல்லைன்னா ரெண்டு. சரியா?"

மணி ஒரு தடவை அடித்தது.

"நான் உன் அக்காவா?"

இரண்டு.

"நீ லிஃப்ட் மெக்கானிக்கா?"

ஒன்று.

"எனக்குச் சமைக்கத் தெரியுமா?"

இரண்டு. யோசிக்கக்கூட இல்லை. குழுவில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார்.

குழுத் தலைவியே முன்னால் சாய்ந்து கேட்டாள். "ஐயா, ஆய்வு இல்லத்துல ரெண்டு வருஷம் தங்க உங்களுக்குச் சம்மதமா?"

இரண்டு. நிறுத்தி, மறுபடி இரண்டு. மறுபடி.

"வீட்டுக்குப் போகணுமா?"

ஒன்று. அப்புறம் அவன் முழுவாக்கியத்தின் பக்கம் திரும்பினான். குமிழியை அமுக்கினான், விடவில்லை. மணி ஓயாமல் அலறியது. முகம் சிவக்க, உதடு ஒரு பக்கமாகக் கோண, விடாமல் அமுக்கினான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் குழுத் தலைவி.

"இது திட்டு அம்மா" என்றாள் ஆணி. "முழு வாக்கியமா நான் சொல்ல வேண்டாம்."

குழுத் தலைவி அந்தச் சம்மதக் காகிதத்தைக் கோப்பிலிருந்து உருவினாள். குறுக்கே கோடு போட்டாள். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று எழுதினாள். இரண்டு மாதமாக மணியை யார் யாருக்கெல்லாம் அணைத்தீர்கள் என்ற பட்டியலும் கேட்டாள். முழுவாக்கியம் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். வெளியே போகும்போது ஆணியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

எல்லோரும் போன பிறகு அண்ணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தலையணைக்கடியில் வைத்துப் படுத்ததில் மடிந்து மடிந்து பஞ்சாகிப்போன அந்தக் காகிதம் அவள் கையில் இருந்தது.

"அப்போ இது எதுவும் இவர் சொன்னதில்லையா, ஆணி?"

ஆணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இல்லை அண்ணி."

அண்ணி கணவனின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். குமிழி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"எனக்கு நன்றி சொல்லலையா நீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். இரண்டு தடவை அமுக்கினான். அவள் தலை குனிந்தது.

"உங்களைப் பத்தி நான் கவலைப்பட வேண்டாமா?"

இரண்டு. உடனே, பலமாக. அவள் நிமிர்ந்தாள். "கவலைப்படணுமா?"

ஒன்று. நீளமான ஒன்று. குமிழியை நழுவவிட்டு அந்தக் கையாலேயே அவள் விரலைப் பிடித்து இழுத்தான். அண்ணி சிரித்தாள், அழுதாள், அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்துத் தண்ணித்தலையின் அடியில் வைத்தாள். "இது அதோட நன்றி. அதுவே வச்சுக்கட்டும். நீங்க வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவ்வளவுதான் கதை. மேல்மாடியில் இப்போதெல்லாம் யார் பதிவைப் போட்டாலும் முதலில் தண்ணித்தலையைத்தான் ஓட்டுகிறார்களாம். கணினிக்காரி சொன்னாள். அது வாயைத் திறந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எந்த வாயும் அடைபடாமல் இருக்கட்டும். அடைபட்டால், அந்தக் கையைப் பிடித்துப் பொறுமையாகக் கேட்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் மணியை யாரும் அணைக்காமல் இருக்கட்டும். உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களால் உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.